சிறு நிலமும் நான்கு தலைமுறையும்

ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் பெயர்களிலிருந்தே தொடங்குவர். பாட்டனார் இன்னார், அவருடைய தந்தையார் இன்னார் என்று வரிசையாகச் சொல்லிச் செல்வர். உழவர் குடும்பத்திற்கோ இதனினும் நம்பத்தக்க ஏடு ஒன்று உண்டு. அது அக்குடும்பத்தின் நிலமே. கிணற்றின் ஆழம், வரப்பின் வளைவு, வேலியோரத்துப் பனை, பெட்டிக்குள் மடித்து வைத்த பத்திரத்தின் மொழி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையினர் செய்த செயலை நமக்கு அறிவிக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்க்கு அவ்வேடு விரிவாகவே பேசும்.

நேயர்களே! தொழிலின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழர் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அன்றேல், இருந்தது என்னும் நினைவாவது இருக்கிறது. அத்தகைய சிறு நிலம் ஒன்று தலைமுறை தலைமுறையாக எவ்வாறு நிலைத்து வந்தது, இனி எதனால் நிலைக்கும் என்பதை ஆராய்வதே நம் நோக்கம். இதற்குக் கேரளத்தின் கிழக்கு எல்லையை எடுத்துக்கொள்வோம். தனி ஒருவரின் குடும்பத்தை நாம் பெயர் சுட்டிக் கூறப் போவதில்லை. அவ்வெல்லையில் வாழும் பல குடும்பங்களுக்குப் பொதுவான வரலாறு எதுவோ அதனையே கூறுவோம்.

இரண்டு எல்லையோரங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே நீலகிரிப் பக்கத்திற்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் என்பது அதுவே. அக்கணவாயின் கிழக்கு வாயிலில் சித்தூர் வட்டம் அமைந்துள்ளது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் முதலிய ஊர்களில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழே. கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியமர்ந்த வேளாண் மக்களும் அவர்களோடு உழைத்த பிற மக்களும் இங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். கேரளம் என்றவுடன் இடைவிடாத மழை நம் நினைவுக்கு வரும். இவ்வூர்களில் மழை அவ்வாறு பொழிவதில்லை. மண்ணும் வேறு. கேரளத்தில் கரிசல் மண்ணைக் காண விரும்புவோர் சித்தூர் வட்டத்திற்கே வரவேண்டும். பருத்தியும் நிலக்கடலையும் கரும்பும் தென்னையும் இம்மண்ணில் விளைந்தன.

ஆனைமலையைக் கடந்து தெற்கே சென்றால் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தை அடைகிறோம். அங்கே மறையூர், காந்தளூர், வட்டவடை, கோவிலூர் என்னும் மலையூர்கள் உள்ளன. மறையூர், காந்தளூர் முதலிய ஐந்து ஊர்களைச் சேர்த்து 'அஞ்சு நாடு' என வழங்குவது பழைய மரபு. தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர் என்பது அவ்வூர் மக்கள் கூறும் செவிவழிச் செய்தி. இப்பள்ளத்தாக்கின் நீரும் கிழக்கு நோக்கியே செல்கிறது. கேரளத்தின் ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. அவற்றுள் ஒன்றாகிய பாம்பாறு இங்கே தோன்றி அமராவதியாற்றோடு கலக்கிறது.

சமவெளியில் ஒன்றும் மலைமேல் ஒன்றுமாக உள்ள இவ்விரண்டு எல்லையோரங்களும் பயிரால் வேறுபட்டவை. வாழ்வின் அமைப்பால் ஒத்தவை. மண்ணும் மொழியும் சந்தையும் கிழக்கு நோக்கியிருக்க, அலுவலகமும் சட்டமும் மேற்கு நோக்கியிருந்தன. 1949 ஆம் ஆண்டு வரையில் சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. அதனை அடுத்த பாலக்காடோ சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தேவிகுளம் திருவிதாங்கூர் அரசின் பகுதி. 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய வட்டங்களுள் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. வயல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அவ்வயலின் விளைவை விற்கும் பொள்ளாச்சிச் சந்தையும் உடுமலைச் சந்தையும் வேற்று மாநிலத்துச் சந்தைகள் ஆயின.

முதல் தலைமுறை: உழைப்பு இருந்தது, உரிமை இல்லை

'நம் நிலம்' என்று இன்று நாம் எளிதிற் கூறுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் இப்பகுதியில் உழுதவருள் பலர் அவ்வாறு கூற இயலாதிருந்தனர். நிலத்தின் முழு உரிமை ஜன்மியினுடையது. குடியானவர் நிலத்தைப் பெற்ற வழிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. முன்தொகை ஒன்றைக் கொடுத்து நிலத்தைப் பெறுவது காணம். பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும்தோறும் கட்டணம் செலுத்துதல் வேண்டும். முன்தொகையின்றிப் பாட்டம் மட்டும் அளந்து பயிரிடுவது வெறும்பாட்டம். பாட்டம் பெரும்பாலும் நெல்லாகவே பறைக் கணக்கில் அளக்கப்பட்டது. காணத்தின் காலம் முடிந்ததும் அதே நிலத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கமும் மலபாரில் இருந்தது. அதற்கு மேல்சார்த்து என்று பெயர்.

இந்நிலையில் ஒருவர் கிணறு வெட்டுவாரா? கல் பொறுக்கி வரப்பு உயர்த்துவாரா? பயன் தரப் பத்தாண்டு ஆகும் மரத்தை நடுவாரா? இவ்வினாக்களுக்குரிய விடையே அக்காலத்துச் சிறு நிலத்தின் நிலையை விளக்குகிறது. நாளை யாருடையதாகுமோ என்னும் ஐயமுள்ள நிலத்தில் உழவர் அவ்வாண்டின் பயிரை மட்டுமே நம்பினார். ஆகவே முதல் தலைமுறையினர் நமக்கு விட்டுச் சென்றது உழைப்பின் நினைவேயன்றி, உரிமையின் ஏடு அன்று.

இரண்டாம் தலைமுறை: சட்டம் தந்த நிலம்

உரிமை படிப்படியாகவே வந்தது. மலபாரில் 1929 ஆம் ஆண்டின் குடிவாரச் சட்டம் குடியானவர்க்கு ஓரளவு பாதுகாப்பை அளித்தது. கேரளம் அமைந்தபின் 1959 ஆம் ஆண்டில் சட்டமன்றம் நில உறவு மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு ஜூலைத் திங்கள் முடிவில் அமைச்சரவை நீக்கப்பட்டது. பின்னர் வந்த 1963 ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969 ஆம் ஆண்டில் விரிவாகத் திருத்தப்பெற்று, 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அந்நாளின் பொருளை ஒரே வாக்கியத்திற் கூறினால், பாட்டம் அளக்கும் முறை அன்று முடிவுற்றது. ஜன்மியின் உரிமை அரசாங்கத்தைச் சார்ந்தது. பயிரிட்டு வந்த குடியானவர் நில நடுவர் மன்றத்தில் விண்ணப்பித்து, குறித்த விலையைச் செலுத்தி, கிரயச் சான்று பெற்று, உடைமையாளர் ஆகலாம். ஐவர் வரை உள்ள குடும்பம் ஒன்று வைத்துக்கொள்ளத்தக்க நிலத்திற்கும் வரம்பு விதிக்கப்பட்டது. அது 12 முதல் 15 ஏக்கர் வரை ஆகும். தேயிலை, காப்பி, ஏலம் முதலிய தோட்டங்களுக்கு அவ்வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர், ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை வீட்டு மனையாகப் பெறும் உரிமை அடைந்தனர். வயலில் கூலிக்கு உழைத்தவர்க்கு அதற்குமேல் உழும் நிலம் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இங்கே ஓர் உண்மையை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். ஒரே வயலுக்கு இருவேறு வரலாறுகள் உண்டு. கல்பாத்தி முதலிய பாலக்காட்டு அக்கிரகாரங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் பல, பாட்ட நெல்லை நம்பியே வாழ்ந்தவை. அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலக் கல்வி பெற்று முன்னரே வெளியூர்களுக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். சட்டம் வந்தபின் ஊரோடு அவர்களை இணைத்திருந்த கயிறும் தளர்ந்தது. அவர்களுக்கு 1970 ஒரு முடிவின் ஆண்டு. அவ்வயலை உழுதவர் குடும்பத்திற்கோ அது தொடக்கத்தின் ஆண்டு. வெளி மாநிலங்களில் வாழும் நம்முள் இவ்விரு சாராரின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். ஒரு குடும்பம் இழந்ததாக நினைவு கூர்வதையே மற்றொரு குடும்பம் பெற்றதாக நினைவு கூர்கிறது. இரண்டும் மெய்யே.

மூன்றாம் தலைமுறை: நீரைத் தேடியவர்கள்

உரிமை கையில் வந்தவுடன் உழவர் முதலிற் செய்த செயல் கிணற்றை ஆழப்படுத்தியதே. கிழக்குச் சித்தூரில் அதுவரை எருதுகள் முன்னும் பின்னும் நடந்து தோற்பறியால் நீர் இறைக்கும் கவலையே பெருவழக்கு. பின்னர் எண்ணெய் எஞ்சினும், அதன்பின் மின்சார மோட்டாரும் வந்தன. கவலை இறைத்த காலத்தில் எருதுகளின் வலிமையே நீருக்கு எல்லையாக இருந்தது. மோட்டார் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. கிணறு வற்றும் வரை இறைக்க இயன்றது. பின்பு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஒருவர் ஆழமாகத் துளையிட, அடுத்தவர் கிணறு வறண்டது. கேரளத்தில் நிலத்தடி நீர் பெரிதும் குறைந்த வட்டாரங்களுள் ஒன்றாகச் சித்தூர் ஆனதற்கு இதுவும் காரணம்.

ஆற்று நீரின் வரலாறு இன்னும் சிக்கலானது. காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தபோது, 1955 ஆம் ஆண்டில் மலம்புழை அணையைத் திறந்து வைத்தார். பாலக்காட்டு நெல் வயல்களுக்கு அது பெருந்துணை ஆயிற்று. கிழக்குச் சித்தூருக்கு நீர் தருவது ஆழியாறும் பாலாறும் சேர்ந்து வளர்க்கும் சித்தூர்ப் புழை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின்படி மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நீர் அணைகளிலும் சுரங்கங்களிலும் தடுக்கப்பட்டுக் கொங்கு நாட்டிற்குத் திருப்பப்படுகிறது. இதற்கான இரு மாநில ஒப்பந்தம் 1970 மே 29 ஆம் நாள் கையெழுத்தாயிற்று. எனினும் 1958 நவம்பர் 9 முதலே அது செல்லும் என வகுக்கப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் மணக்கடவு அணைக்கட்டில் 7.25 டி.எம்.சி., அஃதாவது 725 கோடி கன அடி நீர், சித்தூருக்குக் கிடைத்தல் வேண்டும்.

ஆண்டுக் கணக்கு ஒன்று. பயிரின் கணக்கு வேறு. ஆண்டின் மொத்த அளவு சரியாக இருப்பினும், கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் நீர் வாராவிடின் உழவர்க்குப் பயன் என்ன? மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாய்களின் தலைப்பில் உள்ள வயலும் கடைமடையில் உள்ள வயலும் ஒரே நீரைப் பெறுவதில்லை. கிழக்குக் கோடியில் உள்ள ஊர்களுக்குக் கால்வாயை நீட்ட வேண்டுமென்னும் கோரிக்கை பல்லாண்டுகளாக எழுந்து வந்ததன் காரணம் இதுவே.

நீர் யாருடையது என்னும் வினா இவ்வட்டத்திலிருந்தே நாடறிய எழுந்தது. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிலாச்சிமடையில் 2000 ஆம் ஆண்டில் குளிர்பான ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. தங்கள் கிணறுகள் கெட்டுவிட்டன என்று அவ்வூர்ப் பழங்குடி மக்களும் உழவர்களும் 2002 ஏப்ரலில் போராடத் தொடங்கினர். 2003 ஆம் ஆண்டில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுமக்களுக்குரிய செல்வம் என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலையின் உற்பத்தி நின்றது. 2005 ஆம் ஆண்டில் இரு நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகத் தீர்ப்புக் கூறிய போதிலும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. ஒரு சிறு நிலத்தின் எல்லைக் கல் நிலத்தின் மேற்பரப்பையே பிரிக்கிறது. அடியிலுள்ள நீரை அது பிரிப்பதில்லை. இவ்வுண்மையை மூன்றாம் தலைமுறை பெரும் விலை கொடுத்துக் கற்றது.

நீர் குறையவே பயிரும் மாறியது. பருத்தியும் கடலையும் நின்ற நிலங்களிற் பல தென்னந்தோப்புகள் ஆயின. அத்தோப்புகளிலிருந்து இறக்கும் கள் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குச் செல்கிறது. தேங்காய் விலை வீழும் காலத்தில் கள்ளுக்கு விடும் மரங்களின் வருவாயே பல குடும்பங்களைத் தாங்குகிறது. தெற்கே முதலமடையில் மாந்தோப்புகள் பெருகின. பிற இடங்களில் மா காய்க்குமுன்னரே இங்கே காய் முற்றுவதால் வெளி மாநிலச் சந்தைகளில் அதற்கு நல்ல விலை உண்டு.

மலைமேல்: பாதையும் பத்திரமும்

இனி மலையூர்களுக்குச் செல்வோம். வட்டவடையிலும் காந்தளூரிலும் மலைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களைக் காணலாம். ஒவ்வொரு படியும் ஒருவர் வாழ்நாளில் முடிந்த வேலையன்று. தந்தை அடுக்கிய கல்லின்மேல் மகன் அடுக்கியதாலேயே அவை நிற்கின்றன. முற்காலத்தில் நெல், கேழ்வரகு, தினை, கோதுமை ஆகியவை வீட்டுத் தேவைக்கே விளைந்தன. விதையை வாங்கும் வழக்கம் இல்லை. அடுத்த ஆண்டுக்குரியதை அறுவடையிலேயே பிரித்து வைத்தனர். அவ்வாறு கைமாறி வந்த செல்வங்களுள் ஒன்று மலைப்பூண்டு. காந்தளூர்–வட்டவடை வெள்ளைப்பூண்டுக்கு 2022 ஆம் ஆண்டிலும், மறையூர் வெல்லத்திற்கு 2019 ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டிமார் அடுப்பங்கரைமேல் புகையில் கட்டித் தொங்கவிட்டுக் காத்த விதைப்பூண்டுக்குச் சட்டம் பின்னர்த் தந்த மதிப்பு என்றே இதனைக் கூறலாம்.

வண்டிப்பாதை வந்தபின் உருளைக்கிழங்கு, காரட், கோசு, பீன்ஸ் ஆகியவை பெருகின. பாதை விளைவைக் கீழே கொண்டு சென்றது. கடனை மேலே கொண்டு வந்தது. விதைக்கும் உரத்திற்கும் முன்பணம் தந்த வணிகருக்கே விளைவைக் கொடுத்தல் வேண்டும். விலையைக் கூறுபவரும் அவரே. இவ்வாறு பாட்டம் ஒழிந்த இடத்தில் முன்பணம் அமர்ந்தது.

மலைநிலத்தின் மற்றொரு துன்பம் பத்திரத்தைப் பற்றியது. சமவெளியில் 'உழுபவருக்கு உரிமை உண்டா?' என்பது வினா. மலையிலோ 'இது நிலமா, காடா?' என்பதே வினா. உணவுப் பஞ்சம் நிலவிய 1940களில் 'அதிக உணவு விளைவிப்பீர்' என்று அரசாங்கமே மலைநிலத்தைப் பயிருக்குத் திறந்துவிட்டது. 1950களின் நடுவில் திருவிதாங்கூர்–கொச்சி அரசாங்கம் மலைநாட்டில் குடும்பத்திற்கு 5 ஏக்கர் வீதம் கொடுத்துக் குடியேற்றங்களை அமைத்தது. 1961 ஆம் ஆண்டில் அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறியவர்கள் வெளியேற்றப்பட்டபோது ஏ. கே. கோபாலன் உண்ணாநோன்பு இருந்தார். பின்னர் 1977 ஜனவரி முதல் நாளுக்கு முன் வனநிலத்தில் குடியேறியோர்க்குப் பட்டயம் வழங்க 1993 ஆம் ஆண்டில் தனி விதிகள் இயற்றப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் வட்டவடை, கொட்டகாம்பூர்ப் பகுதிகளில் 32 சதுர கிலோமீட்டர் பரப்பில் குறிஞ்சிமலைக் காப்பிடம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியைக் காப்பது நற்செயலே. ஆயினும் அவ்வெல்லைக்குள் வந்த பட்டா நிலங்களின் உரிமையை ஆராய்ந்து தீர்க்கும் பணி பல்லாண்டுகள் நீண்டது. மெய்யான சிறு உழவரும் பொய்ப் பத்திரம் படைத்தவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்ந்ததே இதில் வருந்தத்தக்கது.

மலையூர்களில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பூண்டும் கிழங்கும் நாள்தோறும் கையுழைப்பை வேண்டுவன. ஆளில்லாத நிலங்களில் தைல மரமும் சவுக்கு வகைகளும் நடப்பட்டன. தைல மரத்திற்குக் களை எடுப்பவர் வேண்டா. நீர் கட்டுபவர் வேண்டா. உடைமையாளர் எங்கேயோ இருக்க, மரம் தானே வளரும். ஊற்றுகள் வற்றிப்போயின என்று அண்டை உழவர் முறையிடும்போதுதான், ஒருவர் நிலத்தின் பயிர் அவரை மட்டும் சார்ந்ததன்று என்பது விளங்குகிறது.

நான்காம் தலைமுறை: பிரிவும் பிரிவினையும்

இப்பொழுது கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1970 இல் ஒரு குடும்பத் தலைவர் 6 ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உடையவரானார் என்று கொள்வோம். அவர் பிள்ளைகள் மூவர். ஆளுக்கு 2 ஏக்கர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரு பிள்ளைகள். ஆளுக்கு 1 ஏக்கர். நிலத்தை ஆறாகப் பிரிக்கலாம். கிணற்றை எவ்வாறு பிரிப்பது? நாள் முறை வைத்து நீர் இறைப்பர். ஒருவர் மோட்டார் பழுதுபட்டால் ஐவர் மனம் பழுதுபடும். இது கற்பனைக் கணக்கே எனினும் நாடு முழுவதும் நிகழ்வது இதுவே. இந்திய வேளாண் கணக்கெடுப்பின்படி 1970–71 இல் நம் நாட்டின் சராசரிப் பண்ணை அளவு 2.28 ஹெக்டேராக இருந்தது. 2015–16 இல் அது 1.08 ஹெக்டேர் ஆயிற்று. அவ்வாண்டில் தமிழ்நாட்டின் சராசரி 0.75 ஹெக்டேர், கேரளத்தில் 0.18 ஹெக்டேர் மட்டுமே.

இக்கணக்கில் பெண்மக்களையும் சேர்த்தல் வேண்டும். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் பங்கு அளித்தது. கேரளத்தில் 1976 டிசம்பர் முதல் நாள் கூட்டுக் குடும்ப முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் உரிய சட்டத் திருத்தம் பூர்வீகச் சொத்திலும் மகளின் உரிமையை நிலைநாட்டியது. 'அக்காள் கேட்கமாட்டார், தங்கை விட்டுக் கொடுத்துவிடுவார்' என்று எண்ணி எழுதாது விட்ட பங்குகள் அடுத்த தலைமுறையில் வழக்குகளாக முளைக்கின்றன.

பங்கு உடையோரிற் பாதிப்பேர் வெளியூரில் இருக்கின்றனர். ஊரில் இருந்து உழுபவர் ஒருவரே. நிலமோ இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கிறது. இதனால் விளையும் தீங்கைப் பலர் உணர்வதில்லை. உழுபவர் வங்கியிற் கடன் கேட்டால் நிலம் அவர் பெயரில் இல்லை. வெள்ளத்தால் பயிர் அழிந்து இழப்பீடு வேண்டினால் அதற்கும் ஏடு கேட்கின்றனர். 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுத் தொகையாகிய 6,000 ரூபாயும் நிலம் தம் பெயரில் உள்ள குடும்பத்திற்கே உரியது. வெயிலில் நிற்பவர் ஒருவர். ஏட்டில் நிற்பவர் மறைந்துபோன மற்றொருவர். வெளியூரில் இருக்கும் நாம் தீங்கு ஒன்றும் செய்யவில்லை என்று எண்ணுகிறோம். ஆயினும் ஒரு கையெழுத்தை ஒத்திப் போடுவதே ஊரிலுள்ள உடன்பிறந்தார்க்குப் பெருந்தடை ஆகிவிடுகிறது.

'அப்படியாயின் நம் பங்கைக் குத்தகைக்கு விடலாமே' என்று சிலர் கேட்கலாம். கேரளத்தில் அது எளிதன்று. பழைய குத்தகைகளுக்கு உரிமை தந்த அதே நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகைகளை உண்டாக்குவதைத் தடுத்தது. நோக்கம் நல்லது: மீண்டும் ஜன்மிகள் தோன்றலாகாது. ஆனால் உழ இயலாத உடைமையாளரும் நிலமற்ற உழவரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வழியில்லாது போயிற்று. ஆகவே வாய்மொழிக் குத்தகையே நடக்கிறது. உடைமையாளர்க்கு நிலம் போய்விடுமோ என்னும் அச்சம். உழுபவர்க்கு அடுத்த ஆண்டு கிடைக்குமோ என்னும் அச்சம். இரண்டு அச்சங்களுக்கும் இடையே வயல் தரிசாகிறது. 1998 இல் தொடங்கிய குடும்பசிரீ இயக்கத்தின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து அத்தகைய தரிசு நிலங்களைப் பயிரிட்டுக் காட்டியுள்ளனர். நெல் வயலை விருப்பம்போல் மண்ணிட்டு மூடாதவாறு 2008 ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டமும் காக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

வெளி மாநிலத்தில் வாழும் நாம் ஊர் திரும்பி ஏர் பிடித்தல் வேண்டும் என்று கூறுவது எளிது, நடவாதது. ஆனால் செய்யத்தக்க சில செயல்கள் உண்டு.

முதலாவது, நம் குடும்ப நிலம் யார் பெயரில் எந்தத் தண்டப்பேரில் நிற்கிறது என்று கிராம அலுவலகத்தில் அறிதல். உடையவர் மறைந்திருப்பின் வாரிசுச் சான்று பெற்று, பெயர் மாற்றமாகிய போக்குவரவைச் செய்து, ஆண்டு வரியைத் தவறாது கட்டுதல் வேண்டும்.

இரண்டாவது, பாகப் பத்திரம் எழுதும்போது நிலத்தின் நான்கு எல்லைகளை மட்டும் எழுதி அமையாது, கிணற்றின் முறை, மின் இணைப்பு, வண்டி செல்லும் வழி ஆகியவற்றையும் எழுதுதல். வழக்குகள் வயலைப் பற்றி எழுவதினும் வழியைப் பற்றி எழுவதே மிகுதி.

மூன்றாவது, கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய மின்னணு மறு அளவையைக் கவனித்தல். நம் ஊர் அளக்கப்படும்போது எல்லையைக் காட்ட ஒருவர் இல்லையேல், பிறர் காட்டிய எல்லையே ஏட்டில் ஏறும்.

நான்காவது, மொழிக்கு அஞ்சாதிருத்தல். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 ஆம் ஆண்டிலேயே தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசாங்கத்தோடு கடிதம் நடத்த இடமளித்துள்ளது. எல்லையோரத்து முதியவர்கள் மலையாளம் எழுத இயலாமையால் விண்ணப்பமே செய்யாது விடுதல் வேண்டுவதில்லை.

ஐந்தாவதே அனைத்தினும் முதன்மையானது. இந்நிலத்தை யார் உழப்போகிறார் என்பதை உடன்பிறந்தார் எல்லாரும் கூடி முடிவு செய்தல் வேண்டும். உழுபவர்க்கு நம் பங்கை நியாய விலைக்குக் கொடுக்கலாம், விட்டுக் கொடுக்கலாம், அல்லது நாம் வைத்துக்கொண்டு கிணற்றுக்கும் வேலிக்கும் நம் பங்குச் செலவை ஏற்கலாம். எதுவாயினும் ஒன்றைச் செய்தல் வேண்டும். ஒன்றும் செய்யாதிருப்பதே நிலத்தைக் கொல்லும் முடிவு.

முதல் தலைமுறை உழைப்பைத் தந்தது. இரண்டாவது சட்டத்தின் துணையால் உரிமையைப் பெற்றது. மூன்றாவது நீரைத் தேடி, அதன் எல்லையையும் கண்டது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முன்னர் இல்லாத ஒன்றைச் சேர்த்ததாலேயே சிறு நிலம் நிலைத்தது. தானாக நிலைத்த நிலம் எங்கும் இல்லை. நான்காம் தலைமுறையாகிய நம்மிடம் அது வேண்டுவது பெரிய தியாகம் அன்று. தெளிவான ஒரு ஏடும், உழுபவரை நம்பும் ஒரு நெஞ்சுமே அது வேண்டுவன. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உறவினரைக் கண்டு மகிழ்வதோடு, பெட்டியிலுள்ள பத்திரத்தையும் வெளியே எடுத்து, குடும்பத்தார் நடுவே விரித்து ஒருமுறை படித்துப் பார்ப்போமாக.